மருத்துவராக விரும்பியவர் கட்டிய மருத்துவமனை

1987ம் ஆண்டு, ஆப்ரிக்காவின் கின்ஷாசா நகரிலிருந்து 21 வயது இளைஞர் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாட்டிற்குப் பயணமானார். இன்று காங்கோ மக்களாட்சிக் குடியரசு என்று நாம் அழைக்கும் அவரது நாடு, அப்போது சயீர் என்ற பெயரைத் தாங்கியிருந்தது. மருத்துவம் படிக்க வேண்டும், படித்து முடித்ததும் தாய்நாடு திரும்பி மக்களுக்குப் பணியாற்ற வேண்டும் என்பதே அந்த இளைஞரின் கனவு.

அவர் மருத்துவர் ஆகவில்லை. அதற்கு மாறாக, 18 ஆண்டுகள் அமெரிக்காவின் புகழ்மிக்க கூடைப்பந்துக் கழகங்களில் தொழில்முறை வீரராக விளையாடினார். ஆனால், வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றபின், அதே கின்ஷாசாவில் 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றைத் திறந்து வைத்தார். அவர் பெயர் டிகெம்பே முட்டோம்போ.

ஒருவர் தேடிச் சென்ற வழி அடைபட்டு, வேறொரு வழி திறக்கும்போது, முதல் கனவு அழிந்து விடுகிறதா? அல்லது, அது வேறு உருவில் காத்திருக்கிறதா? இந்தக் கேள்வியோடு முட்டோம்போ அவர்களின் வாழ்வைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கின்ஷாசாவின் மகன்

டிகெம்பே முட்டோம்போ 1966ம் ஆண்டு ஜூன் 25ம் தேதி கின்ஷாசாவில் பிறந்தார். பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்து அவரது நாடு விடுதலை பெற்று அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. தந்தை சாமுவேல் கல்வித் துறையில் பணியாற்றியவர். தாய் பியாம்பா மரி. பிள்ளைகள் பலர் உள்ள பெரிய குடும்பம். அவர்கள் லூபா இனத்தைச் சேர்ந்தவர்கள்.

உயர்நிலைக் கல்விக்கு, கின்ஷாசாவில் இயேசு சபையினரின் போபோதோ கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவப் படிப்புக்குத் தம்மைத் தயாரிக்க அதுவே ஏற்ற இடம் என்று கருதினார். அந்நாள்களில் அவருக்குக் கால்பந்து மீதுதான் ஆர்வம். ஆனால் அவரோ வளர்ந்துகொண்டே போனார். இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு கூடைப்பந்து ஆடாமல் இருப்பதா என்று தந்தையும் அண்ணனும் வற்புறுத்தினர். 16 வயதில்தான் அவர் அந்த விளையாட்டைக் கற்கத் தொடங்கினார். முழு வளர்ச்சி அடைந்தபோது அவரது உயரம் 7 அடி 2 அங்குலம்.

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனம் வழங்கிய கல்வி உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1789ம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகம், அமெரிக்காவின் மிகப் பழமையான கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். இதை நடத்துபவர்களும் இயேசு சபையினரே.

காற்று இறங்கிய பந்து

ஜார்ஜ்டவுனில் முட்டோம்போவை எதிர்கொண்ட முதல் சுவர் மொழி. பிரெஞ்சும் தம் நாட்டு மொழிகள் பலவும் அறிந்திருந்த அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முதல் ஆண்டு முழுவதும் பல்கலைக்கழக அணியில் அவர் ஆடவில்லை. ஆங்கிலம் கற்பதிலேயே அந்த ஆண்டு கழிந்தது. அவரது உயரத்தைக் கண்ட பயிற்சியாளர் ஜான் தாம்சன், அவரை அணியில் சேர அழைத்தார்.

ஜான் தாம்சன் சாதாரணப் பயிற்சியாளர் அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான ஆண்கள் கூடைப்பந்துப் பட்டத்தை 1984ம் ஆண்டு வென்று, அதை வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்ற சிறப்பைப் பெற்றவர். அவரது மேசைமீது எப்போதும் காற்று இறங்கிய கூடைப்பந்து ஒன்று இருக்கும். பந்தில் உள்ள காற்று ஒருநாள் போய்விடும், அதன்பின் உன்னிடம் என்ன இருக்கும் என்று மாணவர்களைக் கேட்காமல் கேட்ட பந்து அது. தம்மிடம் ஆடுபவர்கள் பட்டம் பெற்றே வெளியேற வேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார்.

பயிற்சிக்கும் ஆட்டங்களுக்கும் தேவைப்பட்ட நேரம், மருத்துவ முன்படிப்புக்கு இடம் தரவில்லை. முட்டோம்போ மருத்துவக் கனவைக் கைவிட்டு, மொழியியலுக்கும் அரசியல் தூதுறவுக்கும் மாறினார். இந்த மாற்றம் அவருக்கு எளிதாக இருந்திருக்காது என்பதை நாம் உணரலாம். வீட்டில் அவர் சொல்லிவிட்டு வந்தது வேறு. எனினும் அவர் படிப்பை விடவில்லை. கோடை விடுமுறைகளில், ஒருமுறை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்திலும், மற்றொரு முறை உலக வங்கியிலும் பயிற்சி பெற்றார். 1991ல் பட்டதாரியாக வெளிவந்தார். பிரெஞ்சு, ஆங்கிலம், இஸ்பானியம், போர்த்துக்கீசியம், லிங்காலா, சுவாஹிலி, தாய்மொழியான சிலூபா என்று ஒன்பது மொழிகள் பேசக்கூடியவராக அவர் அறியப்பட்டார்.

ஆடுகளத்திலும் அவர் பெயர் பரவத் தொடங்கியது. 1989ம் ஆண்டு ஒரே ஆட்டத்தில் எதிரணியினர் வீசிய பந்துகளில் 12ஐத் தடுத்தார். ஜார்ஜ்டவுன் இரசிகர்கள், அவரும் சக வீரர் அலோன்சோ மோர்னிங்கும் பந்தைத் தடுக்கும் ஒவ்வொரு முறையும், நீட்டிய கை வடிவிலான அட்டை ஒன்றை அரங்கில் தொங்கவிட்டு மகிழ்ந்தனர்.

தடுப்பதே தொழில்

கூடைப்பந்து என்றதும் பந்தைக் கூடைக்குள் போடுபவரே நம் நினைவுக்கு வருவார். முட்டோம்போவின் வேலை அதுவல்ல. கூடையின் அருகே நின்று, வரும் பந்தைத் தட்டிவிடுவது அவரது வேலை. இதை 'பிளாக்' என்பார்கள். பந்து மேலெழும்பிச் செல்லும்போது மட்டுமே அதைத் தட்டலாம். கூடையை நோக்கிக் கீழிறங்கத் தொடங்கிவிட்டால் தொடக்கூடாது. தொட்டால், பந்து கூடைக்குள் விழுந்ததாகவே கணக்கு. எனவே உயரம் மட்டும் இருந்தால் போதாது. எதிரே வருபவர் எந்த நொடியில் பந்தை விடுவார் என்பதைக் கணித்து, ஒரு நொடி முந்தாமலும் பிந்தாமலும் கையை உயர்த்த வேண்டும்.

என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பில், புதிய வீரர்களைக் கழகங்கள் ஆண்டுதோறும் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும். 1991ம் ஆண்டு நடைபெற்ற தேர்வில், டென்வர் நகெட்ஸ் கழகம் நான்காவது வீரராக முட்டோம்போவைத் தேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 25. பிற வீரர்களோடு ஒப்பிட்டால், சற்றுத் தாமதமான தொடக்கம். ஆனால் முதல் ஆண்டிலேயே சராசரியாக ஆட்டத்திற்கு 16.6 புள்ளிகளும், 12.3 'ரீபவுண்டு'களும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்து, அனைத்து நட்சத்திரங்கள் ஆட்டத்திற்கும் தேர்வானார்.

1994ம் ஆண்டு மே மாதம் அவரை உலகம் அறிந்தது. அந்த ஆண்டு சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் அணி 63 வெற்றிகளுடன் முதலிடத்தில் இருந்தது. டென்வர் 42 வெற்றி, 40 தோல்வி என்று எட்டாவது இடத்தில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்திருந்தது. ஐந்து ஆட்டங்கள் கொண்ட முதல் சுற்றில், சியாட்டிலில் நடந்த முதல் இரண்டிலும் டென்வர் தோற்றது. எல்லாம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் அடுத்த மூன்றையும் டென்வர் வென்றது. கடைசி ஆட்டம் கூடுதல் நேரம்வரை சென்று முடிந்தபோது, முட்டோம்போ தரையில் மல்லாந்து படுத்து, பந்தை இரு கைகளாலும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, ஆனந்தத்தில் வாய்விட்டுக் கத்தினார். என்.பி.ஏ. வரலாற்றில், எட்டாம் இடத்து அணி முதலிடத்து அணியை வீழ்த்தியது அதுவே முதல் முறை. அந்த ஐந்து ஆட்டங்களில் அவர் தடுத்த பந்துகள் மட்டும் 31.

பந்தைத் தடுத்ததும் ஆள்காட்டி விரலை இடமும் வலமும் ஆட்டிக் காட்டுவது அவரது வழக்கம். இங்கே வராதே என்று பொருள். சிறுவர்கள் அதைப் பார்த்துப் பழகினர். எதிரணியினரைச் சீண்டுவதாகக் கருதி என்.பி.ஏ. பின்னர் அதற்குத் தண்டனை விதித்தது. உடனே அவர் வீரர்களைப் பார்த்து ஆட்டாமல், பார்வையாளர்களைப் பார்த்து விரலை ஆட்டத் தொடங்கினார்!

கழகம் விட்டுக் கழகம்

தொழில்முறை வீரரின் வாழ்வு வெளியே தெரிவதுபோல் நிலையானது அல்ல. ஒப்பந்தம் முடிந்தால் இடம் மாற வேண்டும். ஒப்பந்தம் இருக்கும்போதே, கழகங்கள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதும் உண்டு. முட்டோம்போ 1996ல் அட்லாண்டா ஹாக்ஸ் கழகத்தில் சேர்ந்தார். 2001 பிப்ரவரியில் பிலடெல்பியா அணிக்கு அனுப்பப்பட்டு, அதே ஆண்டு இறுதிப் போட்டித் தொடரில் ஆடினார். முதல் ஆட்டத்தை வென்ற பிலடெல்பியா, அடுத்த நான்கையும் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியிடம் இழந்தது. 2003ல் நியூ ஜெர்சி நெட்ஸ் அணியுடன் மீண்டும் இறுதித் தொடர், மீண்டும் தோல்வி. பின்னர் நியூயார்க். அங்கிருந்து 2004ல் சிகாகோவுக்கு மாற்றப்பட்டு, அங்கு ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்குமுன் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கழகத்திற்கு மாற்றப்பட்டார்.

ஹூஸ்டனில் சீன வீரர் யாவ் மிங் அவர்களுக்கு மாற்று வீரராக, பெரும்பாலும் வெளியே அமர்ந்திருக்கும் நிலை. முன்பு எட்டு முறை அனைத்து நட்சத்திரங்கள் ஆட்டத்திற்குத் தேர்வானவர் அவர். இருந்தும் முகம் சுளிக்காமல் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டார். 2008ல் தொடர்ந்து 12 வெற்றிகள் பெற்றிருந்த வேளையில், யாவ் மிங் காயமடைந்து விலகினார். 41 வயதான முட்டோம்போ அவரது இடத்தில் இறங்கினார். ஹூஸ்டன் மேலும் 10 ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று, 22 வெற்றிகள் என்ற அரிய தொடரை நிறைவு செய்தது. 2009 ஏப்ரலில், போர்ட்லாந்து அணிக்கு எதிரான ஆட்டத்தில் முழங்காலில் பட்ட பலத்த காயம், 42 வயதில் அவரது விளையாட்டு வாழ்வை முடித்து வைத்தது.

ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 1995, 1997, 1998, 2001 என நான்கு முறை பெற்றவர் அவர். மொத்தம் 1,196 ஆட்டங்களில் 3,289 பந்துகளைத் தடுத்துள்ளார். என்.பி.ஏ. கணக்கில் அவரைவிட அதிகம் தடுத்தவர் ஒருவரே: நைஜீரியாவில் பிறந்த ஹகீம் ஒலாஜுவான். முட்டோம்போ வெற்றிக் கோப்பை எதையும் வென்றதில்லை. ஆயினும் 2015ம் ஆண்டு கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. அவர் அணிந்த 55ம் எண்ணை, டென்வர், அட்லாண்டா ஆகிய இரு கழகங்களும் வேறு எவருக்கும் தருவதில்லை.

தடுக்க முடியாத ஒன்று

இத்தனை பந்துகளைத் தடுத்தவரால் ஒன்றை மட்டும் தடுக்க முடியவில்லை. 1990களின் பிற்பகுதியில் காங்கோ நாடு உள்நாட்டுப் போரில் சிக்கித் தவித்தது. கின்ஷாசாவின் தெருக்கள் அடைக்கப்பட்டிருந்த நாள்களில், அவரது தாய் பியாம்பா மரி நோயுற்றார். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல், வீட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது. மகனோ கடல் கடந்த நாட்டில் பெரும் வருமானம் ஈட்டும் நட்சத்திர வீரர். மருத்துவராகத் திரும்பி வருவேன் என்று சொல்லிச் சென்ற மகன்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் பலருக்கும், அவர்களை அனுப்பிவிட்டு வாழும் பெற்றோர் பலருக்கும் இந்த வேதனை புரியும். அனுப்பிய பணம் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் தேவைப்பட்ட வேளையில், ஒரு தெருவைக் கடக்க அந்தப் பணத்தால் முடிந்திருக்காது. அருகிலேயே நல்லதொரு மருத்துவமனை இருந்திருந்தால், என்ற எண்ணம் முட்டோம்போவின் உள்ளத்தைவிட்டு அகலவில்லை.

1997ம் ஆண்டு தம் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, கின்ஷாசாவில் மருத்துவமனை கட்டத் திட்டமிட்டார். அவர் தேர்ந்த இடம், ஏழைகள் நெருக்கமாக வாழும் மசீனா பகுதி. பணம் படைத்தவர் நினைத்தால் உடனே நடந்துவிடும் என்று நாம் எண்ணக்கூடும். நடந்தது அதுவல்ல. 2001ல் அடிக்கல் நாட்டப்பட்டும், 2004ல்தான் கட்டடப் பணி தொடங்கியது. எதிர்பார்த்த நன்கொடைகள் வரவில்லை. பயன்படுத்தாமல் கிடந்த நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. அங்கே பயிர் செய்யத் தொடங்கியிருந்த புலம்பெயர்ந்தோருக்குப் பணம் கொடுத்து, இடத்தை மீட்க வேண்டியிருந்தது. இவர் அரசியலில் இறங்கப் போகிறார், அதற்காகத்தான் இத்தனையும் என்ற சந்தேகமும் எழுந்தது.

இத்தனை ஆண்டுகளும் அவர் கழகம் விட்டுக் கழகம் மாறிக்கொண்டிருந்தார் என்பதையும் நினைவில் கொள்வோம். 2 கோடியே 90 இலட்சம் டாலர் செலவான அந்த மருத்துவமனைக்கு, ஏறக்குறைய பாதித் தொகையை, அதாவது 1 கோடியே 50 இலட்சம் டாலரை, 2006ம் ஆண்டு தம் பணத்திலிருந்தே கொடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 2ம் தேதி திறப்பு விழா நடைபெற்றது. 2007 முதல் நோயாளர்கள் வரத் தொடங்கினர். ஏறத்தாழ 40 ஆண்டுகளில் அப்பகுதியில் எழுப்பப்பட்ட முதல் நவீன மருத்துவமனை அது. அன்றிலிருந்து இலட்சக்கணக்கானோர் அங்கே சிகிச்சை பெற்றுள்ளனர். அதன் வாயிலில் உள்ள பெயர், பியாம்பா மரி முட்டோம்போ மருத்துவமனை.

சிறியவையும் பெரியவையும்

மருத்துவமனை பெரிய செய்தி. அதே மனிதரின் வாழ்வில், செய்தியாகாத அளவுக்குச் சிறியவையும் இருந்தன. இறந்துபோன தம் சகோதரர்களின் பிள்ளைகளைத் தம் சொந்தப் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். 1996ல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றபோது, சயீர் நாட்டுப் பெண்கள் கூடைப்பந்து அணியின் சீருடைக்கும் செலவுகளுக்கும் அவரே பணம் கொடுத்தார். ஓய்வுக்குப்பின், என்.பி.ஏ. அமைப்பின் உலகத் தூதராகப் பல நாடுகளுக்குச் சென்று, இளையோரைச் சந்தித்தார். தந்தை சாமுவேல் பெயரில், ம்பூஜி-மாயி நகருக்கு அருகே ஒரு பள்ளியையும் எழுப்பினார். அன்னைக்கு மருத்துவமனை, தந்தைக்குப் பள்ளி.

2022ம் ஆண்டு அவருக்கு மூளையில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. இரண்டு ஆண்டுகள் சிகிச்சை பெற்ற அவர், 2024ம் ஆண்டு செப்டம்பர் 30ம் தேதி, தமது 58வது வயதில் காலமானார். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். அங்கேயே குடும்பம் அமைத்து, அங்கேயே இறந்தார். காங்கோவில் குடியேறி வாழ அவர் திரும்பவில்லை. ஆனால் காங்கோவை விட்டுப் போய்விட்டார் என்று எவராலும் சொல்ல முடியாது.

நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

நம்மில் யாரும் 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை கட்டப்போவதில்லை. முட்டோம்போவின் வருமானம் நம்மிடம் இல்லை. எனவே, இவரைப்போல் வாழுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிதான பேச்சு. ஆனால் இரண்டு எண்ணங்கள் நமக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது.

ஒன்று, கனவைப் பற்றியது. மருத்துவப் படிப்பு கிடைக்காத பிள்ளை, தேர்வில் தவறிய பிள்ளை, குடும்பச் சூழலால் வேறு வேலைக்குப் போன பிள்ளை நம் வீடுகளிலும் உண்டு. எல்லாம் வீணாயிற்று என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறோம். முட்டோம்போவுக்கு மருத்துவர் ஆவது கனவின் மேலுறை மட்டுமே. உள்ளே இருந்தது, தம் ஊர் மக்கள் நோயில் தவிக்கக்கூடாது என்ற விருப்பம். மேலுறை கிழிந்தபோதும் அந்த விருப்பத்தை அவர் கீழே போடவில்லை. பிள்ளைகளிடம், என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கும் நாம், எதற்காக என்றும் கேட்டுப் பழகலாம்.

மற்றொன்று, தாமதத்தைப் பற்றியது. அறக்கட்டளை தொடங்கியதிலிருந்து மருத்துவமனை திறக்கும்வரை ஒன்பது ஆண்டுகள். நல்லது செய்ய முன்வந்தவர்மீதே சந்தேகம், பணத் தட்டுப்பாடு, நிலச் சிக்கல். பங்கில் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கி, நான்கு பேர் குறை சொன்னதும் கைவிட்ட அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அந்த ஒன்பது ஆண்டுகளை அப்போது நினைத்துக்கொள்வோம்.

இன்று மசீனாவில் ஒரு தாய் நோயுற்றால், அவரை எடுத்துச் செல்ல அருகில் ஓர் இடம் இருக்கிறது. அந்தத் தாயின் மகன் ஊரில் இருக்கலாம், தொலைதூர நாட்டில் வேலை பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அந்த மருத்துவமனைக்குப் பெயர் தந்த பியாம்பா மரிக்குக் கிடைக்காதது, அந்தத் தாய்க்குக் கிடைக்கும்.